வி.ஆர். கல்யாண வரவேற்பு: திருவொற்றியூரில் செய்து பார்த்தவன் சொல்கிறேன்

கேள்வி: "மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வரவேற்பை வி.ஆர். உலகத்தில் வைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். மண்டபச் செலவு மிச்சமாகுமா? எப்படித் திட்டமிடுவது, அலங்காரமெல்லாம் எப்படிச் செய்வது?"

மிச்சமாகாது. வரவேற்பை வி.ஆருக்குள், அதாவது கணினியில் கட்டிய மெய்நிகர் உலகத்துக்குள், வைத்தாலும் பக்கத்துத் தெரு மாமாவுக்கும் அத்தைக்கும் இலை போட்டே ஆகவேண்டும். "லிங்க் அனுப்பியிருக்கேன், வந்துடுங்க" என்று சொன்னால் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆக, மண்டபமும் உண்டு, இதுவும் உண்டு. செலவைக் குறைக்கத்தான் யோசிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். வர முடியாதவர்களுக்காக என்றால் தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் கேள்வியைப் படித்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் வடசென்னையில் திருவொற்றியூர்க்காரன். கட்டப்போகிற வீடுகளைக் கணினியில் த்ரீடியாகச் செய்து கொடுப்பது என் வேலை. 2023 ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். பெரியண்ணன் குவைத்தில் வெல்டர், லீவு கிடைக்கவில்லை. சித்தி குடும்பம் டொராண்டோவில். ஆயா இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு இருந்தார், மண்டபத்துக்குத் தூக்கிப் போக டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா இல்லாத வீட்டில் எங்களைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அவன் இல்லாமல் என்ன கல்யாணம் என்று அம்மா அழுததில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. பணத்திமிர், டெக்னாலஜி மோகம் என்று யாராவது சொல்ல வந்தால் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிது ஒன்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கல்யாணம் செய்துகொண்ட ஜோடி வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்கிற இதே மாதிரி மெய்நிகர் உலகத்தில் வைத்தது எல்லாச் செய்தியிலும் வந்தது. அதைக் காட்டித்தான் நானும் வீட்டில் புரியவைத்தேன். அந்த வரவேற்பில் மணப்பெண்ணின் மறைந்த அப்பாவையும் உருவமாகச் செய்து நிற்க வைத்திருந்தார்கள். உடனே தங்கச்சி, "நம்ம அப்பாவையும் அப்படிச் செய்யலாமாண்ணா" என்று கேட்டாள். அம்மா பிடிவாதமாக வேண்டாம் என்றார். "அவர் நடக்கிற நடை உனக்கு வராதுடா, வேற யாரோ அவர் மூஞ்சியை மாட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும்." அந்தக் குடும்பத்தின் முடிவு அவர்களுடையது, நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் பந்தலில் அப்பாவின் போட்டோவை மாலை போட்டு, வீட்டுக் கூடத்தில் எந்தச் சுவரில் இருக்கிறதோ அதே சுவரில் மாட்டினேன். இதை உங்கள் வீட்டிலும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் பேசுகிற விஷயமில்லை.

ஆரம்பத்தில் நாங்களும் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்திடம்தான் போனோம். டேப்லெட்டில் வரிசையாகக் காட்டினார்கள். ராஜஸ்தான் அரண்மனை, ஐரோப்பியக் கோட்டை, வெள்ளை மணல் தீவு. எங்கள் தெருவைப் போலச் செய்யமுடியுமா என்று கேட்டேன். அந்தப் பையன் முகவரியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க ஏரியா எதுக்கு சார்? வி.ஆர்ல கூட அங்கயேதான் இருக்கணுமா? பேலஸ் போட்டா கெத்தா இருக்கும்" என்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவன்மேல் கோபமில்லை. வடசென்னை என்றால் கத்தியும் கஞ்சாவும் என்றே பார்த்து வளர்ந்தவன், வேறு எப்படிப் பேசுவான்? ஆனால் அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன், நாமே கட்டுவது என்று. எங்கள் தெருவை, வாசலில் வாழைமரமும் மேலே கீற்றுப் பந்தலுமாக, தெருமுனையில் தெற்கு மாட வீதியிலிருந்து பார்த்தால் தெரிகிற கோயில் கோபுரத்தோடு. கிழக்கே கடல்.

கடலை வரையும்போது ஒரு கேள்வி வந்தது. இப்போது எங்கள் பக்கம் கடற்கரை என்றால் கருங்கல் கொட்டிய தடுப்புதான். அண்ணன் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணல் போய்விட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கிழக்குக் கரையில் மணல், வருஷக் கணக்காகக் கூட்டிப் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்காகத்தான் நகர்ந்துகொண்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கித் தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அலை அரித்துக்கொண்டே வந்தது. தெருத்தெருவாக வீடுகள் போயின. மெரினாவில் வாக்கிங் போகிறவர்கள் கால்வைக்கிற மணலில் எங்கள் பங்கு எவ்வளவோ இருக்கிறது. இதை யாரும் பேசுவதில்லை, வடசென்னைக்குப் பெயர் வைக்க மட்டும் எல்லோரும் வருவார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பந்தலுக்குப் பின்னால் கல் தடுப்பை வைக்கவில்லை, மணலை வைத்தேன், நாலு கட்டுமரத்தோடு.

நீங்கள் அலங்காரத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது, வரப்போகிறவர் கையில் என்ன போன் இருக்கிறது என்பது. அண்ணனிடம் கண்ணில் மாட்டிப் பார்க்கிற வி.ஆர். ஹெட்செட் கிடையாது. கேம்ப் அறையில் மேல்படுக்கையில் உட்கார்ந்து, திரை கீறல் விழுந்த பழைய ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில்தான் வருவான். அந்தப் போனில் திறக்காத மண்டபம் எனக்கு எதற்கு? அதனால் ஆப் இறக்கத் தேவையில்லாமல், லிங்கைத் தொட்டால் பிரவுசரிலேயே திறக்கிற மொசில்லா ஹப்ஸ் என்ற வி.ஆர். தளத்தில் கட்டினேன். த்ரீடியில் எந்தப் பொருளும் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனதுதான், அவை கூடக் கூடப் போனுக்குச் சுமை. போனில் ஓடவேண்டுமென்றால் மொத்தக் காட்சியும் 50,000 முக்கோணத்துக்குள், ஃபைல் 16 எம்.பி.க்குள் இருப்பது நல்லது என்று அவர்களே அளவு சொல்லியிருந்தார்கள். ஒரு மாலையை நிஜமாகவே பூப்பூவாகச் செய்தால் அந்தக் கணக்கு மாலையிலேயே தீர்ந்துவிடும்.

எனவே எங்கே உழைப்பது, எங்கே விடுவது என்று பிரித்தேன். பூவெல்லாம் பட்டையான தாள் மேல் ஒட்டிய படங்கள். பாரிமுனை பூக்கடையில் கட்டி வைத்த சாமந்திச் சரத்தைப் போட்டோ எடுத்து அதையே ஒட்டினேன், தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சீரியல் செட்டில் ஒவ்வொரு பல்புக்கும் விளக்கு வைக்காதீர்கள், போன் திணறிவிடும். வெளிச்சத்தை முன்பே கணக்கிட்டுச் சுவரிலும் தரையிலும் நிறமாகவே பதித்துவிட்டு, பல்புக்கு மினுங்கும் நிறம் மட்டும் கொடுத்தால் போதும்.

வீட்டு வாசல், திண்ணை, படிக்கட்டை எல்லாம் போனில் சுற்றிச்சுற்றிப் படமெடுத்து அதிலிருந்து மாடலாக மாற்றினேன். அழுக்கும் சொறியும் உள்ள சுவர் இதற்கு அருமையாக வரும். பளபளப்பான பொருள் வராது. குத்துவிளக்கு நெளிந்துபோய், நசுங்கிய தகரம் மாதிரி வந்தது. பித்தளையில் எதிரில் இருப்பதெல்லாம் பிரதிபலிக்கும், நாம் நகர நகர அதுவும் மாறும், மென்பொருளால் எந்தப் புள்ளி எது என்று பிடிக்க முடியாது. விளக்கை பிளெண்டர் என்ற த்ரீடி மென்பொருளில் கையால்தான் செய்தேன், பாதி ஓரத்தை வரைந்து அச்சில் சுழற்றினால் முழு விளக்காகிவிடும். அந்த ஒரு விளக்குக்கு மட்டும் தாராளமாக முக்கோணம் செலவழித்தேன். அம்மா சீதனமாகக் கொண்டுவந்த விளக்கு, அதில் கஞ்சத்தனம் பண்ண மனசு வரவில்லை.

கல்யாணத்தன்றே வி.ஆரையும் வைக்காதீர்கள். மணப்பெண் தலையில் பூ, ஜடை, நெற்றிச்சுட்டி எல்லாம் இருக்கும்போது ஹெட்செட் பட்டையை எங்கே மாட்டுவது? முகத்து மேக்கப் முழுக்க அதன் ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொள்ளும். யூடியூப் நேரலையை உள்ளே திரையில் காட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. நேரலை சாதாரணமாகவே பத்து இருபது நொடி பின்னால் ஓடும். இங்கே கெட்டிமேளம் கொட்டி முடித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு அங்கே அட்சதை விழும். நாங்கள் அந்த வாரமே வெள்ளிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு வைத்தோம். குவைத்தில் வெள்ளி வார விடுமுறை, அங்கே அப்போது மாலை 4.30. டொராண்டோவில் காலை 9.30, சித்தி வேலைக்கு லீவு போட்டார். தங்கச்சி சும்மா பின்னல் போட்டு, ஹெட்செட்டோடு நிம்மதியாக உட்கார்ந்தாள்.

மேளத்தையும் உள்ளே கொண்டுவரத்தான் வேண்டும், ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பிரவுசர் மைக்கில் இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே ஓடும். அதற்கு மனிதப் பேச்சு மட்டும்தான் சத்தம், நாதஸ்வரத்தையும் தவிலையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம், தானாக ஒலி கூட்டிக் குறைப்பது, மூன்றையும் அமைப்பில் அணைத்துவிட்டு, மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து தனி ஒயர் இழுத்துக் கொடுத்தோம். இப்படிப்பட்ட விஷயங்களுக்குத்தான் ஒத்திகை வேண்டும்.

"இதற்கு ஸூம் போதாதா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஸூமில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் அப்படியா பேசுகிறோம்? இங்கே பக்கத்தில் நிற்பவர் பேச்சு சத்தமாகவும் தள்ளி நிற்பவர் பேச்சு மெல்லியதாகவும் கேட்கும். அதனால் அண்ணனின் கூட்டாளிகள் கட்டுமரத்துப் பக்கம் ஒதுங்கிக் கானா பாடிக்கொண்டிருந்தார்கள், திண்ணைப் பக்கம் அத்தைகள் நகைக்கதை பேசினார்கள். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. இதற்காகவே பந்தலை ஒரே கூடமாகக் கட்டாமல் திண்ணை, வாசல், கடற்கரை என்று இடைவெளி விட்டுக் கட்டினேன். ஒரே அறையில் இருபது பேருக்கு மேல் வந்தால் போன்கள் தடுமாறும். அதனால் நேரம் பிரித்து அழைத்தோம், முதலில் அம்மா வழி, அப்புறம் மாப்பிள்ளை வீட்டார்.

மேடை கட்டவே இல்லை. ஆயாவுக்கு முதுகில் தலையணை வைத்து, கட்டிலிலேயே உட்காரவைத்து ஹெட்செட் மாட்டினோம். கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கென்று அதற்குள் வைக்கும் இடைவெளி வளையத்தைப் போட்டதும் சரியாக உட்கார்ந்தது. கண் நகர்வதாகப் பார்த்து, உடம்பு நகராவிட்டால் தலைசுற்றும். அதனால் அவரை எங்கும் நடத்தவில்லை. திண்ணையில் அவர் வழக்கமாக உட்காரும் மூலையிலேயே இருக்க வைத்து, எல்லோரும் அவரிடம் போகும்படி வழியை அமைத்தேன். உள்ளே வருபவர்கள் மாட்டிக்கொள்ள முதலில் கிடைத்த ஆயத்த உருவங்கள் எல்லாம் கோட்டும் ஜீன்ஸுமாக இருந்தன. ஆயாவுக்கும் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் மட்டும் புடவை உருவம் நானே செய்தேன். அங்கே உருவங்களுக்குக் கால் கிடையாது. தலை, உடம்பு, கை மட்டும்தான். காலில் விழுந்து கும்பிடுவது எப்படி? டொராண்டோ சித்தி மகன், என் தம்பி முறை, அவனிடம் சொந்த ஹெட்செட் இருந்தது, அவன் தன் வீட்டுத் தரையில் நிஜமாகவே குனிந்தான், ஆயா முன்னால் அவன் உருவத்தின் தலை தரைவரை இறங்கியது. ஆயா கையைத் தூக்கினார். அண்ணனால் போனில் குனிய முடியாது. அவன் திண்ணைக்குக் கீழே வந்து நின்று, "ஆயா, நான்தான், பெரியவன்" என்றான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். அப்புறம் தங்கச்சியை அண்ணன் பக்கத்தில் நிற்கவைத்து அம்மா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார். அரண்மனை வாங்கியிருந்தால் இந்தத் திண்ணை எங்கிருந்து வந்திருக்கும்?

மற்றவை சுருக்கமாக. மொய்க்கு கியூஆர் கோடு ஒட்டாதீர்கள், ஹெட்செட் போட்டவரால் ஸ்கேன் பண்ண முடியாது, போனில் பார்ப்பவரும் அதே போனைக் காட்டி ஸ்கேன் பண்ண முடியாது. வேண்டுமென்றால் லிங்காக அனுப்புங்கள், எங்கள் வீட்டில் வேண்டாமென்றே விட்டுவிட்டோம். இந்தக் கொண்டாட்டம் சட்டப்படி கல்யாணம் ஆகாது. தாலி, மாலை, மோதிரம் எதுவானாலும் நேரில் முடித்து, தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்த மணமகன் காணொலியில் வந்து பதிவு செய்ய 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுமதி தந்தது உண்மை, ஆனால் அது சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போய் வாங்கியது. அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

கடைசியாக, செய்த ஃபைல்களை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆல்ட்ஸ்பேஸ் என்ற வி.ஆர். தளம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. நாங்கள் பயன்படுத்திய ஹப்ஸ் சேவையை மொசில்லா 2024 மே 31-உடன் நிறுத்தியது, அதன் மூலநிரல் திறந்தது என்பதால் வேறு குழு தொடர்கிறது. நான் பந்தலையும் தெருவையும் ஜி.எல்.பி. என்கிற த்ரீடி ஃபைலாக முன்பே இறக்கி இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். யாரிடமாவது வேலையைக் கொடுக்கிறீர்கள் என்றால், முன்பணம் தருவதற்கு முன்னாலேயே பிளெண்டர் ஃபைலும் ஜி.எல்.பி.யும் எங்களுக்குத் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.