தம்பியை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்

கேள்வி: நாகை மாவட்டக் கடற்கரைக் கிராமம். இதுவரை அடுத்தவர் படகில் பங்குக்குப் போனேன். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, மூன்று லட்சம் கடன் கிடைக்கும். 2006-ல் கட்டிய 31 அடி ஃபைபர் படகு லம்பாடி (லொம்பார்டினி டீசல்) இன்ஜினோடு விலைக்கு வருகிறது. அதை வாங்குவதா, 24 அடியில் புதிதாகக் கட்டுவதா? பெரிய படகு என்றால் மீன்பாடு கூடும். ஆளுக்கும் கஷ்டமில்லை. அப்பா, மச்சான், நான், ப்ளஸ் ஒன் படிக்கும் தம்பி. பங்கும் வெளியே போகாது. – ஒரு வாசகர்

பதில்: 24 அடிதான். காரணம் உங்கள் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது.

31 அடிக்கு நாலு பேர் குறையாமல் வேண்டும். உங்கள் நாலாவது ஆள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. லீவில் மட்டும் வருவான் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. பள்ளி லீவு மே மாதத்தோடு முடிந்துவிடும், தவணை மாதாமாதம் வரும். இருட்டோடு கடலுக்குப் போய் விடிந்து கரையேறுகிற பையன் எந்த வகுப்பில் விழித்திருப்பான்? வயதான அப்பாவுக்கு அடுத்து அவனுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அவன் படிப்பை முதலாகப் போட்டா படகு வாங்குவது? ப்ளஸ் டூ முடித்தபின் கடல்தான் வேண்டும் என்று அவனே சொன்னால் வரட்டும், முழுப் பங்கோடு.

'பங்கு வெளியே போகாது' என்கிறீர்கள். டீசல், ஐஸ், சாப்பாடு போக மிஞ்சுவதில் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரிப்பதை இத்தனை நாள் பார்த்தவர்தானே நீங்கள்? தம்பிக்குக் கொடுக்காத கூலியைப் படகின் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சானுக்குக் கொடுக்காவிட்டால் உங்கள் அக்காளோ தங்கையோ எதை வைத்து உலையேற்றுவாள்? மூன்று பேர் பங்கையும் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.

பாடு படகின் நீளத்தால் வருவதில்லை. எத்தனை நாள் கடலுக்குப் போனோம், பருவத்துக்கு ஏற்ற வலை கையில் இருந்ததா என்பதுதான் பேச்சு. இருக்கிற ஐந்து லட்சத்தையும் படகில் கொட்டினால் நண்டு சீசனில் நண்டு வலை இருக்காது. படகும் இன்ஜினும் மூன்றரை லட்சத்துக்குள் முடியட்டும். வலைக்கு ஒரு லட்சம். மீதியைத் தொடாதீர்கள், வடகிழக்குப் பருவமழையில் கரையில் உட்காரும் நாட்களுக்கு அதுதான் சோறு. உங்கள் ஊரில் துறைமுகம் இல்லையென்றால் இன்னொரு செலவும் உண்டு. 31 அடியை மணலில் ஏற்ற தினமும் டிராக்டருக்குக் கொடுக்க வேண்டும். 24 அடியை ஏற்ற அத்தனை சிரமம் இருக்காது.

அந்தப் பழைய படகையும் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிய படகுகள் பலவற்றில் ஃபைபர் மெல்லிசு. அடியில் ஏரா (நெடுக ஓடும் அடித்தண்டு) தேய்ந்து, உள்ளே ஒட்டிய கண்ணாடி நார்ப் பாயின் இழை தெரிகிறதா பாருங்கள். சின்னச் சுத்தியலால் நெடுக தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும். மந்தமான சத்தம் வந்தால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. பின்பக்கப் பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி அது ஊறிவிட்டால், இன்ஜின் அதிர்வில் மூலைகள் வெடிக்கும். இன்ஜினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், பலகையும் சேர்ந்து அசைந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

புதுப் படகை மழைக்காலத்தில் கட்டக் கொடுக்காதீர்கள், ஈரத்தில் பாயை ஒட்டும் ரெசின் பசை சரியாக இறுகாது. தை பிறந்ததும் கொடுங்கள். பாய் ஒட்டுகிற நாட்களில் நீங்களே போய் நின்று, பேசிய அடுக்கு எல்லாம் விழுகிறதா என்று எண்ணுங்கள். அணியத்திலும் (முன்முனை) பின்பக்கத்திலும் உள்ள அறைகளில் ஃபோம் நிரப்பச் சொல்லுங்கள், கவிழ்ந்தாலும் படகு மிதக்கும். மீன்வளத் துறைப் பதிவும் உரிமமும் கையில் வந்தபின் கடலில் இறக்குங்கள். ஏப்ரல் 15-க்கு முன் இறங்கிவிட வேண்டும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகு பிடிக்கும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற காலம் அதுதான். மூன்று லைஃப் ஜாக்கெட்டும் படகு விலையில் சேர்ந்தவை.

கணக்கு இப்படியும் இடித்தால் கடனைக் குறைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் பழையதாக வாங்குங்கள். விற்பவர் ஸ்டார்ட் செய்து காட்டும் முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். ஆறவிட்டு, உங்கள் கையால் ஸ்டார்ட் செய்யுங்கள்.