நிலவொளி சொனாட்டா: இரண்டாம் பார்வை

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டிடெக்டிவ் கோனன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 11ஆம் பகுதியை, அந்தப் பியானோ கொலைகளை, மறுபடி பார்த்தேன். கொலையாளி அந்த டாக்டரம்மாதான் என்று தெரிந்த பிறகு சுவாரசியம் பாதி போய்விட்டது. டேப்பில் சில நிமிட மௌனம், பிறகு இசை என்பதெல்லாம் பழைய தந்திரம்தானே? அந்த இசைக்குறிப்பு ரகசியமும் நமக்குப் புரியும்படி இல்லை. இதை ஏன் எல்லோரும் கொண்டாடுகிறார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

(இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவு முழுவதும் கீழே இருக்கிறது.)

'டாக்டரம்மா' என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவு தெரிந்தபின்னும்! அசாய் நருமி ஆண். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எரியும் வீட்டுக்குள் பியானோ வாசித்தபடி இறந்த அசோ கெய்ஜியின் மகன் செய்ஜி. 成実 என்ற இரண்டு எழுத்துகளை நருமி என்றும் படிக்கலாம், செய்ஜி என்றும் படிக்கலாம். மருத்துவ உரிமத்தில் உச்சரிப்பு குறிக்க வேண்டியதில்லை என்பதால் அதே பெயரோடு பெண்ணாக வாழ முடிகிறது. கெய்ஜிக்கு ஒரு மகன் உண்டு என்று தெரிய வந்ததும் எல்லோரும் ஆண்களை மட்டுமே சந்தேகிக்கிறார்கள். துப்பு நருமியின் பெயரிலேயே இருந்தது, வசன வரிகள் அதைக் காட்டுவதில்லை. தமிழில் இந்தக் கதையைச் சொல்பவருக்கு 'அவர்' என்ற சொல் பெரிய வரம். 'அவள்' என்றால் பொய், 'அவன்' என்றால் கதை முடிந்தது.

டேப் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், அது பழைய சரக்கு. ஆனால் டேப் கூட்டத்தைத் திசைதிருப்புவதற்கு மட்டும்தான். உண்மையான தந்திரம் வேறு: பிணம் எப்போது பிணமானது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஒலிபரப்பு அறையில் கிராமத் தலைவர் இறந்து கிடக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இறந்து சில நிமிடங்கள்தான் ஆயிற்று என்கிறார் நருமி. தரையில் ரத்தத்தால் எழுதிய இசைக்குறிப்போ காய்ந்துபோயிருக்கிறது. சில நிமிடத்தில் அப்படிக் காயாது. இரண்டில் ஒன்று பொய். ரத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. முதல் முறை பார்க்கும்போது நேரம் சொல்பவரை நாம் சந்தேகிப்பதில்லை. அவரைச் சாட்சியாகக்கூட நினைப்பதில்லை, ஏதோ கடிகாரம்போல எடுத்துக்கொள்கிறோம்.

இசைக்குறிப்புக்கு ஒரு தாளும் பென்சிலும் வேண்டும். பியானோவின் இடது ஓரத்துக் கட்டையிலிருந்து ஏ, பி, சி என்று வரிசையாக எழுத்துகளை ஏற்றுங்கள். கிடைப்பது ஆங்கிலமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ரோமன் எழுத்தில் எழுதிய ஜப்பானிய மொழி அது. முதல் செய்தி: 'வகத்தெருன, ட்சுகி வா ஒமயே தா' (wakatteruna, tsugi wa omae da). 'தெரிகிறதா, அடுத்தது நீதான்' என்று பொருள். ரோமனில் 24 எழுத்துகள். அதில் 12 உயிர், அந்தப் பன்னிரண்டில் ஆறு 'a'. அதாவது ஒரே கட்டை ஆறு தடவை. ஜப்பானிய மொழியில் பெரும்பாலும் நம் உயிர்மெய்போல மெய்யோடு உயிர் ஒட்டியே வரும். அதனால், எந்தச் சுரம் அடிக்கடி வருகிறது என்று எண்ணினாலே பூட்டு இளகிவிடும்.

கொலைகளின்போது ஒலிக்கும் அந்த இசை பீத்தோவனின் 14ஆவது பியானோ சொனாட்டா, 1801இல் எழுதியது. 'நிலவொளி' என்பது அவர் வைத்த பெயர் அல்ல.

இரண்டாம் பார்வையில் நான் காத்திருப்பது தந்தை கெய்ஜி விட்டுச்சென்ற இசைக்குறிப்புத் தாள்களுக்காகத்தான். தீயில் தப்பிய அந்தக் குறிப்பிலும் இதே முறைதான். 'செய்ஜி, நீயாவது நேர்மையாக வாழ்' என்று அதில் இருக்கிறது. தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கிய மகனுக்கு, தந்தை பழியைக் கேட்கவே இல்லை என்பது எல்லாம் முடிந்தபின்தான் தெரிகிறது. எரியும் மண்டபத்தில், சிறுவன் உருவில் இருக்கும் துப்பறிவாளன் கோனனை ஜன்னல் வழியே வெளியே எறிந்துவிட்டு நருமி பியானோவில் அமர்கிறார். அங்கே ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். சொனாட்டாவிலிருந்து விலகித் தடுமாறும் சுரங்கள் பிழை அல்ல. 'நன்றி, குட்டித் துப்பறிவாளரே' என்று அதே குறியீட்டில் சொல்கிறார்.

இதைப் பார்த்த சூட்டோடு 77, 78ஆம் பகுதிகளையும் பாருங்கள். குற்றவாளியைத் துப்பறிந்து மடக்கி, அவனைச் சாகவும் விட்டுவிடும் துப்பறிவாளன் கொலைகாரனுக்குச் சமம் என்று கோனன் சக துப்பறிவாளன் ஹத்தோரியிடம் சொல்லும் இடம் வரும். யாரை நினைத்துச் சொல்கிறான் என்பது 11ஆம் பகுதியை இரண்டு முறை பார்த்தவருக்குத் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்