பக்கவாத ஆய்வும் தோட்டத்து மக்களும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் கேட்ட கேள்விகளுக்கு, பக்கவாத ஆய்வுகளில் பணியாற்றும் தாதி ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: அக்கா, இரவில் அப்பாவுக்குப் பேச்சு குழறியது. விடிந்ததும் போகலாம் என்று இருந்துவிட்டோம். மருத்துவமனையில், "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஏன்?

பதில்: தம்பி, எந்தச் சிகிச்சை தரலாம் என்பதை முடிவு செய்ய அந்த நேரம் மிகவும் அவசியம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் மருந்து, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஆய்வு அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாயில் உள்ள அடைப்பைக் கருவி செலுத்தி எடுக்கும் சிகிச்சை, ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை உதவும் என்பது 2018இல் உறுதியானது. இந்தக் கணக்கு, நோயை நாம் கண்ட நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் பதியும் கூட்டத்துக்கு) எழுப்பப் போனபோது வாய் கோணியிருந்தது என்றால், முந்தைய இரவு அவர் தெளிவாகப் பேசிய நேரத்திலிருந்தே எண்ணுவார்கள். "பத்து மணிக்கு மாத்திரை கேட்டு வாங்கினார்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி மருத்துவருக்குப் பேருதவி.

கேள்வி: ஆம்புலன்ஸ் வரும்வரை ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. பக்கவாதத்துக்குக் காரணம் குழாய் அடைப்பா, மூளையில் இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும். 999ஐ அழையுங்கள், வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓர் ஆய்வுக்கு எதற்கு இத்தனை நாடுகள்?

பதில்: அந்த ஆஸ்பிரினையே எடுத்துக்கொள்வோம். அடைப்பு என்று தெரிந்தவர்களுக்கு அதை விரைவில் தொடங்கினால், ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் மரணத்திலிருந்தோ மறுதாக்குதலிலிருந்தோ தப்புகிறார்கள். 1997இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ஏறத்தாழ 40,000 நோயாளிகளைச் சேர்த்ததால்தான் இது தெரிந்தது. ஒரு மருத்துவமனை எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இவ்வளவு சிறிய பலனைப் பிரித்தறிய முடியாது. மூளையில் இரத்தக் கசிவுக்கும் அப்படித்தான். இந்தியா, இலங்கை உட்படப் பத்து நாடுகளில் 7,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே கொண்டுவருவதோடு, சர்க்கரை, காய்ச்சல், இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றையும் சேர்த்துச் சீராக்கினால் நோயாளிகள் மேலும் நன்றாக மீள்கிறார்கள் என்று அது காட்டியது. விலையுயர்ந்த கருவி ஏதும் தேவைப்படாத முறை என்பதால், சிறு நகர மருத்துவமனைகளை நினைத்து நான் பெரிதும் மகிழ்ந்த முடிவு இது.

கேள்வி: அம்மாவை ஆய்வில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டார்கள். ஏழைகளை வைத்துச் சோதிக்கிறார்களோ என்று பயந்து மறுத்துவிட்டேன்.

பதில்: மறுப்பது உங்கள் உரிமை, அம்மா, அதனால் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. வாசிக்க முடியாத தாளில் கைநாட்டு வைத்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்தப் பயம் நியாயமானது. அரசு மருத்துவமனை ஆய்வுகள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றே நடக்கின்றன. ஆனாலும் தமிழில் விளக்கம் கேளுங்கள். வழக்கமான சிகிச்சையிலிருந்து எது மாறும், என்ன ஆபத்து, இடையில் விலகலாமா என்று கேட்டுத் தெளிந்த பிறகு முடிவெடுங்கள். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மிகுந்த நம்மவர்கள் முற்றாக ஒதுங்கினால், நம் உடலுக்கு எது பொருந்தும் என்பதைப் பிறரைப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: குடும்பமே பயிற்சி கொடுத்தால் கை கால் விரைவில் திரும்புமா?

பதில்: இதையும் ஆய்ந்திருக்கிறார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைச் சேர்த்து, வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தினருக்கும் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2017இல் அறிவித்தார்கள். உங்கள் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை; பிசியோதெரபிக்குப் பதிலாக வீட்டுப் பயிற்சியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கற்றுத்தந்த பயிற்சியைத் தொடருங்கள். பேருந்துச் செலவை எண்ணி அடுத்த சந்திப்பைக் கைவிடாதீர்கள்.