‘கல்யாணம் ஆனதைக் காட்ட வேண்டாம்’ என்று ஏஜென்ட் சொன்னால்…

கேள்வி: என் கணவருக்கு 37 வயது. பி.இ. மெக்கானிக்கல், பதினான்கு வருட அனுபவம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதி, கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கியிருக்கிறார். நான் பி.காம்., 34 வயது, வீட்டில்தான் இருக்கிறேன். ஒரே மகன், ஏழாம் வகுப்பு. கனடா பி.ஆருக்காக (அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை) ஓர் ஏஜென்டைப் பார்த்தோம். “கல்யாணம் ஆனதையே காட்டாதீங்க, சிங்கிள்னு போட்டா பாயிண்ட் கூடும். அவர் போய்ச் சேர்ந்ததும் உங்களை ஸ்பான்சர் பண்ணிக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க” என்கிறார். எட்டு லட்சம் கொடுத்தால் அங்கிருந்து வேலைக் கடிதமும் வாங்கித் தருவாராம். கணவர் அரைமனதாகச் சரி சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. மகனுக்கு அடுத்த வருடப் பள்ளிக் கட்டணம் கட்டுவதா, நிறுத்தி வைப்பதா என்றும் தெரியவில்லை.

பதில்: உங்கள் பயம் சரியான பயம். செய்யாதீர்கள்.

அந்த விண்ணப்பம் இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. உங்கள் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஒன்று. அவர்களில் யார் உங்களோடு வருகிறார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதில் கிடையாது. மனைவி, பிள்ளை எல்லாரையும் எழுதியே ஆக வேண்டும். இரண்டாவது கேள்விக்கு “இப்போது வரவில்லை” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, இரண்டாவதில் சட்டப்படி கிடைக்கும் சலுகையை முதலாவதில் பொய் சொல்லி வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கனடா விதி இதுதான்: ஒருவர் பி.ஆர். வாங்கும்போது யாரைக் குடும்பத்தில் காட்டாமல் விட்டாரோ, யாருக்கு மருத்துவப் பரிசோதனை நடக்காமல் போனதோ, அவரைப் பிறகு குடும்ப உறவு என்று ஸ்பான்சர் செய்ய முடியாது. கட்டணம் கட்டினாலும், வக்கீல் வைத்தாலும், அந்தப் பிரிவில் கதவு மூடியே இருக்கும். 2019-இல் ஓரமாக ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். அகதியாகவோ, ஸ்பான்சர் செய்யப்பட்ட குடும்ப உறவாகவோ வந்தவர்களில், உறவை மறைத்ததால் எந்த ஆதாயமும் அடையாதவர்களுக்கு மட்டுமே அது. பாயிண்டுக்காக மறைத்தவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

“யாருக்குத் தெரியப்போகிறது?” என்று உங்கள் கணவர் கேட்கலாம். நாளைக்கு உங்களை ஸ்பான்சர் செய்ய அவர் எதைக் கொண்டுபோய் நீட்டுவார்? உங்கள் கல்யாணச் சான்றிதழை. அதில் தேதி இருக்கிறதே! மகனின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கிறதே! “நான் சிங்கிள்” என்று கையெழுத்துப் போட்டவர், அதைப் பொய்யாக்கும் காகிதத்தைத் தன் கையாலேயே அரசாங்கத்திடம் கொடுக்கப்போகிறார். யாரும் துப்பறிய வேண்டியதில்லை. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை, வாங்கிய பி.ஆரும் போகும். குடியுரிமை வாங்கிய பிறகு தெரியவந்தால் அதையும் திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சரி, அப்படியாவது எவ்வளவு பாயிண்ட் லாபம்? எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற முறையில் விண்ணப்பிக்க விரும்புகிறவர்களைப் பாயிண்ட் போட்டு வரிசைப்படுத்தி, சுற்றுச் சுற்றாக மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு அனுப்புகிறார்கள். இதை ஏஜென்ட் உங்களுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டியிருக்க மாட்டார், நான் காட்டுகிறேன். உங்கள் கணவர் தனியாள் என்றால் வயதுக்கு 66, பட்டத்துக்கு 120, ஆங்கிலத்துக்கு 124. மனைவியோடு என்றால் அதே மூன்றும் 60, 112, 116. வித்தியாசம் 22. படிப்பு, அனுபவம், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து தரும் 75 இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். ஆகத் தனியாளாக 385, உங்களோடு 363.

ஆனால் மனைவிக்கென்று தனியாக 40 பாயிண்ட் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் பி.காம். பட்டத்தைக் கனடா முறைப்படி மதிப்பீடு செய்து வாங்கினால் 8. நீங்களும் ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வு எழுதி நான்கிலும் 6 வாங்கினால் இன்னொரு 12. அப்போது மொத்தம் 383. தனியாளுக்கும் உங்களுக்கும் இரண்டே இரண்டு பாயிண்ட்தான் இடைவெளி. உங்கள் கணவர் வாங்கிய அளவுக்கே நீங்களும் வாங்கினால் 12-க்குப் பதில் 20, மொத்தம் 391. அதாவது உங்களை மறைப்பதைவிட உங்களைக் காட்டுவதில்தான் ஆறு பாயிண்ட் அதிகம். வீட்டில் இருப்பவரிடம் பரீட்சை எழுதச் சொல்ல ஒரு ஏஜென்டுக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

“இப்போது வரவில்லை” என்று உங்களை நேர்மையாகக் காட்டினாலும் அவருக்குத் தனியாள் கணக்கே கிடைக்கும், அது சட்டப்படி சரிதான். ஆனால் இதில் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. வராவிட்டாலும் உங்களுக்கும் மகனுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. கையில் காட்ட வேண்டிய பணமும் மூன்று பேர் கணக்குத்தான். 2025 ஜூலையில் வந்த பட்டியல்படி அது 23,360 கனடா டாலர். வருடா வருடம் மாற்றுவார்கள். பாயிண்டுக்காக “வரவில்லை” என்று எழுதிவிட்டு, அடுத்த மாதமே நீங்கள் விசிட் விசாவுக்கு நின்றால் அதிகாரி விளக்கம் கேட்பார். நிஜமாகவே உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளவோ, மகன் பத்தாவது முடிக்கவோ பின்தங்குவதாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள்.

படிவத்தையும் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். ஒரு குடும்பத்தை ஆயுள் முழுக்கப் பிரித்துவைக்கக்கூடிய விதியை, “உடன் வராத சார்ந்திருப்பவர்” என்கிற மாதிரியான பாஷையில், நீளமான வழிகாட்டியின் நடுவில் சொருகி வைத்திருக்கிறார்கள். பத்து வருட வரலாற்றில் ஒரு மாதம் விடுபட்டால் சிவப்பு எழுத்தில் கத்தும் அந்தக் கணினி, மனைவியை விட்டுவிட்டால் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார்.

அந்த எட்டு லட்ச வேலைக் கடிதத்துக்கு வருகிறேன். எல்.எம்.ஐ.ஏ. என்று அதற்குப் பெயர் சொல்லியிருப்பார். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசிடம் வாங்க வேண்டிய அனுமதி அது. அதற்கு 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிப்பது அங்கே குற்றம். இந்தக் கடிதங்களை விற்கிற வியாபாரம் அளவு கடந்து போனதால், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குத் தந்துவந்த பாயிண்டையே 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். முன்பு பெரும்பாலான வேலைகளுக்கு 50 இருந்தது, இப்போது சுழியம். சுழியத்துக்கு எட்டு லட்சம் கேட்கிறார். இது தெரியாமல் கேட்டால் அவர் ஏஜென்ட் வேலைக்கு லாயக்கில்லை, தெரிந்தே கேட்டால் இன்னும் மோசம்.

கனடா குடிவரவுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல எல்லாருக்கும் உரிமை இல்லை. கனடாவின் வழக்கறிஞர் சங்கங்களில் பதிவானவர்கள், கியூபெக்கின் நோட்டரிகள், குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் (பாடம் நடத்தும் கல்லூரி அல்ல, உரிமம் தரும் அமைப்பு) உரிமம் பெற்றவர்கள், அவ்வளவுதான். அந்தக் கல்லூரியின் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் உரிம எண்ணைக் கேளுங்கள். “எங்க டொரான்டோ பார்ட்னர்கிட்ட இருக்கு” என்றால் அந்தப் பார்ட்னரோடு வீடியோவில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் பெயர் உங்கள் ஃபைலில் பிரதிநிதி என்று எழுதப்படுமா என்றும் கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியில் பாதிப் பேர் டீ வாங்கிவரப் போய்விடுவார்கள்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுலபம். என்னிடம் ஃபைலோடு வருகிறவர்களிடம் முதலில் செல்பேசியை எடுக்கச் சொல்வேன். “உங்கள் விண்ணப்பக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது? திறந்து காட்டுங்கள்.” பலரால் முடியாது. மின்னஞ்சல் முகவரியில் அவர்கள் பெயர் இருக்கும், பாஸ்வேர்டு ஏஜென்டிடம் இருக்கும். தங்கள் பெயரில் என்ன எழுதி அனுப்பியிருக்கிறது என்றே அவர்கள் பார்த்ததில்லை. ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து முதன்முதலாகத் தன் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார். அவர் வேலையே பார்க்காத ஒரு கம்பெனியில் மூன்று வருட அனுபவம் போட்டிருந்தது. கீழே கையெழுத்து அவருடையது. அழைப்பு வந்த நாளிலிருந்து முழு விண்ணப்பம் போட 60 நாள்தான். அந்தக் கடிதம் யாருடைய இன்பாக்ஸுக்குப் போகிறது என்பது சின்ன விஷயமா?

பணம் காட்டுவதிலும் இவர்கள் கைவரிசை உண்டு. “ஒரு வாரத்துக்கு உங்க அக்கவுன்ட்ல போட்டுத் தர்றோம், வட்டி மட்டும் கொடுங்க” என்பார்கள். வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பைக் கேட்கிறார்கள். நேற்று வந்த இருபது லட்சம் அதில் துருத்திக்கொண்டு நிற்கும்.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நேர்மையாக எழுதியவர்களே மாட்டிக்கொள்கிற இடம் இது. விண்ணப்பம் போட்ட நாளில் குடும்பம் எப்படி இருந்தது என்று எழுதிவிட்டால் கடமை முடிந்ததாக நினைக்கிறோம், முடியவில்லை. கனடா மண்ணில் பி.ஆராகக் கால் வைக்கும் நிமிடம் வரை குடும்பத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் கணக்கு. நடுவில் உங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தால் விமானம் ஏறும் முன் தெரிவிக்க வேண்டும். விசா கைக்கு வந்துவிட்டதே என்று தெரிவிக்காமல் போனால், அந்தக் கைக்குழந்தையும் “காட்டாத உறவு” பட்டியலில் சேர்ந்துவிடும். தனியாளாக விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பையன்களுக்கு இதுவே வேறு விதமாக நடக்கும். பி.ஆர். மாப்பிள்ளை என்றதும் பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு முகூர்த்தம் வைப்பார்கள். பையன் தாலி கட்டிவிட்டு, பழைய காகிதத்தோடு விமானம் ஏறி, அங்கே அதிகாரி “குடும்ப நிலவரத்தில் மாற்றம் உண்டா?” என்று கேட்கும்போது பழக்கதோஷத்தில் “இல்லை” என்று சொல்லிவிடுவான். அந்த ஒரு “இல்லை”யால் அந்தப் பெண் வருடக்கணக்கில் மாமியார் வீட்டில் காத்திருப்பாள். அவனிடம் கெட்ட எண்ணமே கிடையாது, யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் உறவில் அப்படி யாராவது இருந்தால், கிளம்பும் முன் கனடா குடிவரவுத் துறைக்குத் தகவல் அனுப்பி, பதில் வந்த பிறகே டிக்கெட் போடச் சொல்லுங்கள். தாமதமாகும், டிக்கெட் காசு போனாலும் போகும், போகட்டும்.

விவாகரத்தானவர்களுக்கும் இதே கதைதான். பிள்ளை முன்னாள் மனைவியிடம் வளர்ந்தாலும் பிள்ளை பிள்ளைதான், எழுத வேண்டும். திருமணமாகாத பிள்ளைகளுக்கு 22 வயது நிறையும் வரை சேர்க்கலாம். உங்கள் மகனுக்கு அந்தக் கவலையே இல்லை.

இப்போது ஏஜென்ட் சொல்லாத கசப்பான செய்தி. 385-ஓ 391-ஓ, இரண்டுமே இன்றைய நிலவரத்துக்குக் குறைவு. கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கான சுற்றுகளிலேயே 2025-இல் 500-க்கு மேல் கேட்டார்கள். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் உங்கள் கணவருக்கு இரண்டு வழிதான் கண்ணில் படுகிறது. ஏதாவதொரு மாகாணம் அவரைப் பரிந்துரைத்தால் 600 பாயிண்ட் சேரும், அதோடு கதை முடிந்தது. ஆனால் மாகாணங்களின் பட்டியலும் நிபந்தனைகளும் அடிக்கடி மாறும், அந்தந்த மாகாண அரசின் தளத்தை நீங்களே மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மற்றது பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடத்துகிறார்கள், 2025-இல் அவற்றில் 379 முதல் 481 வரை கேட்டார்கள். கனடாவின் பிரெஞ்சு மொழி அளவுகோலில் நான்கு திறனிலும் ஏழாம் நிலை எட்டினால் கூடுதலாக 50 பாயிண்டும் உண்டு. விளையாட்டல்ல, ஒரு வருடத்துக்குக் குறையாத உழைப்பு. நடுவில் அவருக்கு 38 ஆகிவிடும், வயதுக்கு ஐந்து பாயிண்ட் குறையும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணும் இரண்டு வருடத்தில் காலாவதியாகும், ஆகவே உங்கள் தேர்வையும் ரொம்ப முன்னதாக எழுதிவிடாதீர்கள். பரீட்சை எழுதிவிட்டு வரிசையில் நிற்கும்போதே மதிப்பெண் செத்துப்போகிற ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ.

ஏஜென்டிடம் அசல் சான்றிதழ்களோ பாஸ்போர்ட்டோ கொடுத்திருந்தால், சண்டை போடாமல், “வங்கியில் கேட்கிறார்கள்” என்று சொல்லி முதலில் திரும்ப வாங்குங்கள். விண்ணப்பக் கணக்கு ஏதும் தொடங்கியிருந்தால் அதன் பாஸ்வேர்டையும் வாங்கி, அதில் திருமண நிலை என்ன போட்டிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். “சிங்கிள்” என்று இருந்தால், அழைப்பு வருவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். அந்தக் கட்டத்தில் திருத்துவதில் சிரமம் இல்லை.

மகனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். அடுத்த வருடம் அவன் எட்டாம் வகுப்பை இங்கேதான் படிப்பான்.