நீர்வண்ணத்தில் நிறங்கள் ஏன் சேறாகின்றன?

தாமாகவே ஓவியம் பழகித் தனுஷ்கோடியின் அந்தி வானத்தை நீர்வண்ணத்தில் தீட்டுபவர்கள் பலர், நீலத்தின் மேல் ஆரஞ்சு பூசியதும் வானம் ஏன் சேறாகிறது என்று கேட்கிறார்கள். சேறாதல் என்பது நிறங்கள் தெளிவிழந்து சாம்பலும் பழுப்புமாக மங்குவது. ஒவ்வொரு வண்ணமும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கி மிச்சத்தையே கண்ணுக்கு அனுப்புகிறது. நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள் என்பதால், ஈரத்தில் கலக்கும்போது ஒன்று திருப்பி அனுப்புவதை மற்றது விழுங்கிவிட, மங்கல் மட்டுமே எஞ்சுகிறது. இராமநாதபுரக் கரையில் கடற்காற்றின் ஈரப்பதம் தாள் உலர்வதைத் தாமதப்படுத்துவதால் இப்பிழை இன்னும் எளிதில் நேர்கிறது. மேலே காய்ந்ததுபோல் தெரியும் கருவாட்டை உள்ளீரம் போகுமுன் அடுக்கினால் என்னவாகும் என்பது இக்கரையில் எல்லோருக்கும் தெரியும், தாளும் அப்படித்தான். புறங்கையால் தொடும்போது தாள் குளிர்ந்திருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள். உலர்ந்த பின்னும் அடர்ந்த நீலத்தின் மேல் ஆரஞ்சைப் பூசாமல், அதற்குரிய இடத்தை முதலிலேயே வெறுமையாக விடுவது நல்லது. கெட்டுப்போன தாளைக் கிழித்துவிடாமல், எதன் மேல் எதை, எவ்வளவு நேரம் கழித்துப் பூசினீர்கள் என்று அதன் பின்புறத்தில் எழுதிவைப்பது, என் கருத்தில், எந்தப் பயிற்சிக் காணொளியையும்விட அதிகம் கற்றுத்தரும். மலிவான வண்ணத்தால்தான் சேறாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விலையுயர்ந்த நீலமும் ஆரஞ்சும்கூட ஈரத்தில் கலந்தால் மங்கத்தான் செய்யும்.