ஆறு சாசேஜும் ஒரு கிலோ கிழங்கும்

வேலை விட்டு வந்து அரை மணியில் என்ன சமைப்பது என்று கேட்டு மாதாமாதம் கடிதம் வரும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் சாசேஜைச் சுற்றியே இருந்தது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், இடியப்ப மாவு கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். எல்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி, பிள்ளைகளை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடுகிறது. தாப்பாவ் செய்தால், அதாவது கடையில் கட்டி வாங்கினால், ஐந்து பேருக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) பறக்கிறது. பிள்ளைகளுக்குச் சாசேஜ் இருந்தால் போதும், வீட்டுக்காரருக்குச் சோறும் காரமும் வேண்டும், மாமியாருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. பதினைந்து வெள்ளிக்குள் எல்லாருக்கும் பொதுவாக ஏதாவது சொல்லுங்கள். (வாசகி, செந்தூல்)

பதில்: சாசேஜ் மலிவு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 340 கிராம் பாக்கெட் எட்டு வெள்ளி என்றால் கிலோவுக்கு 23 வெள்ளிக்கு மேல் வருகிறது. 2023 நவம்பர் முதல் தேதியோடு மலேசியாவில் கோழிக்கான அரசு உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் போய்விட்டன, அதற்கு அப்புறமும் முழுக் கோழி கிலோ விலை இதில் பாதிதான். ஆகவே சாசேஜையே கறியாக வைத்து ஐந்து வயிற்றை நிரப்பப் பார்த்தால் காசும் கரையும், உப்பும் ஏறும். அதைக் கருவாடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கொஞ்சம் போட்டால் போதும், சட்டி முழுக்க ருசி இறங்கிவிடும். வயிற்றை நிரப்புகிற வேலையை உருளைக்கிழங்கு பார்த்துக்கொள்ளும்.

பத்து சாசேஜ் உள்ள பாக்கெட்டில் ஆறை மட்டும் எடுங்கள், மீதி நான்கைத் திரும்ப ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே தேவையானதை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்துவிட்டால் சாயங்காலம் அவசரம் இல்லை. மறந்துவிட்டால் தண்ணீர் புகாத பையில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் போடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அரிசியைக் களைந்து குக்கரில் போடுங்கள், பையை அப்புறம் இறக்கி வைக்கலாம். ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி இரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டே அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து உள்ளே பச்சையாக நிற்கும். அரைத் தேக்கரண்டி மஞ்சள், கொஞ்சம் உப்பு. வழக்கமாகப் போடும் உப்பில் பாதி போதும், மீதியைச் சாசேஜ் கொண்டுவரும். கொதி வந்து எட்டு, பத்து நிமிடத்தில் கத்தி நுனி சிரமமில்லாமல் இறங்கும். வடித்து, அதே சூட்டுச் சட்டியில் மூடாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். ஈரம் ஆவியாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் மொறுமொறுப்பு வராது. பெரும்பாலானவர்கள் அவசரத்தில் விடுவது இந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

கிழங்கு வேகும்போதே பக்கத்து அடுப்பில் குவாலியை (குழிவான வறுக்கும் சட்டி) வைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் சாசேஜை வறுங்கள். முழுசாகப் போடாதீர்கள். சாய்வாக மெல்லிசாக நறுக்கினால் ஒன்றுக்கு ஏழு துண்டு தேறும், ஆறு சாசேஜுக்கு நாற்பது துண்டுக்கு மேல். தட்டில் ஆளுக்கு எட்டுத் துண்டு விழுந்தால் எந்தப் பிள்ளையும் 'அவனுக்கு மட்டும் ரெண்டா' என்று சண்டை போடாது. ஓரம் சிவந்ததும் எடுத்துத் தனியே வையுங்கள். நான்கு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அதன் பங்கை மட்டும் நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு சின்னதாக நறுக்குங்கள். வட்டத் துண்டு சின்னத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அதே எண்ணெயில் கடுகு, கிள்ளிய காய்ந்த மிளகாய் நான்கு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நீளமாக அரிந்த பெரிய வெங்காயம் இரண்டு, தட்டிய பூண்டு. வெங்காயம் வதங்கியதும் ஒரு மேசைக்கரண்டி இறைச்சிக் கறித்தூளை இரண்டு கரண்டி தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள், வெறும் தூளாகப் போட்டால் சூட்டில் கருகிக் கசக்கும். எண்ணெய் பிரிந்ததும் கிழங்கு. இங்கேதான் பொறுமை வேண்டும், கரண்டியை எடுத்துக் கிண்டிக்கொண்டே நிற்காதீர்கள். பரப்பிவிட்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள், அடியில் பொருக்குப் பிடிக்கட்டும், ஒரு தடவை புரட்டி மறுபடியும் விடுங்கள். பிள்ளைகளுக்குக் காரம் ஆகாதென்றால் மிளகாயைத் தாளிப்பதற்கு முன்பே கொஞ்சம் கிழங்கையும் சாசேஜையும் சேர்த்து வறுத்து எடுத்துவிடுங்கள். கடைசியில் சாசேஜைக் கொட்டி, ஒரு மேசைக்கரண்டி கிச்சாப் மானிஸ் (இனிப்புச் சோயா சாஸ்). அதில் சர்க்கரை அதிகம் என்பதால் முதலிலேயே ஊற்றினால் குவாலியில் தீய்ந்து ஒட்டும். அடுப்பை அணைக்கப் போகும்போது ஊற்றிப் புரட்டினால் போதும். நம் வீட்டுப் பெரட்டல்தான், கோழிக்குப் பதில் வேறு சங்கதி.

கூடவே அரை முட்டைக்கோஸைக் கடுகு தாளித்து வதக்கிவிடுங்கள், ஐந்து நிமிடம். மாமியாருக்குக் கிழங்கைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள், சோற்றுக் கணக்கில் சேருங்கள். அவர் தட்டில் கோஸ் பாதித்தட்டு, ஒரு அவித்த முட்டை, கிழங்கு போடுகிற அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். கிழங்கு நான்கைந்து வெள்ளி, ஆறு சாசேஜ் ஐந்து வெள்ளிக்குள், கோஸும் வெங்காயமும் மூன்று வெள்ளி என்று பார்த்தாலும் பதினைந்தைத் தாண்டாது.

கேள்வி: நான் செய்தால் கிழங்கு உடைந்து மசியலாகிவிடுகிறது. கடையில் மூன்று நான்கு வகை இருக்கிறது, எதை வாங்குவது? (வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: தோல் சொரசொரப்பாக, நீளமாக இருக்கும் அமெரிக்க ரஸ்ஸட்டை வாங்கியிருப்பீர்கள். அதில் மாவுச்சத்து அதிகம், மசிப்பதற்கும் பொரிப்பதற்கும் அருமையானது, பெரட்டலுக்கு உதிர்ந்துவிடும். தோல் வழுவழுப்பாக, உள்ளே மஞ்சளாக இருக்கும் ஹாலந்து கிழங்கு உருக்குலையாது. ரஸ்ஸட்தான் வீட்டில் இருக்கிறதென்றால் வேகவைக்கும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். புளிப்பு இருந்தால் கிழங்கு சீக்கிரம் கரையாது, வேக இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுத்தால் சீக்கிரம் கறுக்கும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகலாம். நம் ஊர் வெக்கைக்கு வெளியே வைத்தால் முளைக்கத்தான் செய்யும். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில், வெங்காயத்தோடு சேர்க்காமல் வையுங்கள். சின்ன முளை என்றால் ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். நன்றாகப் பச்சை பிடித்ததையும் தொளதொளத்ததையும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. கோழிச் சாசேஜ், ஹலால் முத்திரையும் இருக்கிறது என்றுதான் வாங்குகிறேன். அது போதுமா? (வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: போதாது. ஹலால் முத்திரை பன்றி இல்லை என்பதைச் சொல்லும், மாடு இல்லை என்று சொல்லாது. உள்ளே இருப்பது கோழியாகவே இருக்கலாம், ஆனால் சில சாசேஜ்களின் மேல்தோல் கொலாஜெனால் ஆனது, அந்தக் கொலாஜெனை மாட்டுத்தோலிலிருந்தும் எடுப்பார்கள். தோலில்லாத சாசேஜில் இந்தப் பிரச்சினை வராது, ஆனாலும் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஆகவே முன்பக்கத்தில் இருக்கும் கோழிப் படத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்பி மாட்டைக் குறிக்கும் 'லெம்பு', 'போவின்' என்று எங்காவது இருக்கிறதா என்று படியுங்கள். எழுத்து எறும்பளவுதான் இருக்கும், கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பாக்கெட்டைத் திருப்பினதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும் என்பதும் விதிதான். கோழி முதலில் இருக்கிறதா, மாவு எத்தனையாவது இடம் என்று பார்த்தால் உங்கள் எட்டு வெள்ளி எதற்குப் போகிறது என்று புரிந்துவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) குச்சியில் செருகி விற்பதற்கு லேபிள் ஏது? பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டாவிட்டால் வேண்டாம்.

கேள்வி: சாசேஜ் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று வாட்சப்பில் வருகிறது. என் மனைவி வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார். நீங்களும் சமையல் குறிப்பு தருகிறீர்கள்! (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: வாட்சப்பில் வருவது முழுப் பொய்யில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. அதற்காக ஒரு சாசேஜும் ஒரு சிகரெட்டும் ஒன்று என்று அர்த்தமில்லை. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள், ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை வைத்து இல்லை. அவர்கள் சொன்ன அளவு இது: தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும். பத்து சாசேஜ் உள்ள 340 கிராம் பாக்கெட்டில் அது ஒன்றரைச் சாசேஜ், தினமும்.

மேலே செந்தூல் வாசகிக்குச் சொன்னதில் ஆளுக்கு நாற்பது கிராம் வரும். அதையும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யச் சொல்லமாட்டேன். காலையில் ரொட்டிக்குள் சாசேஜ், பள்ளிக்கு சாசேஜ், ராத்திரி மீ கோரிங்கில் சாசேஜ் என்று போகிற வீடாக இருந்தால் உங்கள் கவலை நியாயம்தான். உப்பையும் மறக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக, அதாவது உப்புக் கணக்கில் ஐந்து கிராமுக்குள் என்பது அதே நிறுவனத்தின் வரம்பு, சாசேஜ் அதில் பெரிய பங்கைத் தின்றுவிடும். அப்புறம், வாங்குவது மனைவி என்கிறீர்கள், சாப்பிடுவது யார் என்று எழுதவில்லையே ஐயா?

கேள்வி: புரட்டாசியில் மாமனார் மாமியார் சைவம், பிள்ளைகள் கேட்கமாட்டேன் என்கிறார்கள். இரண்டு சமையல் செய்ய என்னால் முடியவில்லை. (வாசகி, கெப்போங்)

பதில்: இரண்டு சமையல் வேண்டாம், பிரிக்கிற இடத்தைத் தெரிந்து பிரித்தால் போதும். கிழங்கு மசாலாவைச் சாசேஜ் படாத சட்டியில், படாத கரண்டியால் முழுதாகச் செய்து முடியுங்கள். பெரியவர்களின் பங்கில் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) போடுங்கள்: விரல்கடை அளவு நறுக்கி, மஞ்சளும் உப்பும் பிசறி, மொறுமொறுப்பாகப் பொரித்துக் கலந்துவிடுங்கள். சாசேஜைவிட மலிவு, புரதமும் நன்றாக இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சாசேஜை வேறொரு சின்னச் சட்டியில் வறுத்து அவர்கள் தட்டில் மட்டும் வையுங்கள். சீன சைவக் கடைகளில் கிடைக்கும் சைவச் சாசேஜ் பார்க்க அசலாகவே இருக்கும், ஆனால் சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள், படிக்காமல் வாங்கிப் பெரியவர்களுக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கென்னவோ தெம்பேதான் பிடிக்கும், அந்த ரப்பர் கடி எனக்கு ஒத்துவராது.

கேள்வி: ஏர் ஃப்ரையரில் செய்யலாமா? (வாசகர், சேராஸ்)

பதில்: செய்யலாம். கிழங்கைப் பாதி வேகவைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் பிசறி, 200 டிகிரியில் கால்மணி நேரம், நடுவில் ஒரு தடவை குலுக்குங்கள், சாசேஜைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். ஐந்து பேருக்கு ஒரே ஈடாகக் கொள்ளாது என்பதுதான் தொந்தரவு.

கேள்வி: மீந்ததை மறுநாள் பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கலாமா? (வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போயிருந்தால் கொடுக்கலாம். ராத்திரி முழுக்க அடுப்பிலேயே இருந்ததென்றால் சூடு பண்ணினாலும் வேண்டாம். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, கிழங்கைக் கரண்டியால் லேசாக மசித்து ரொட்டிக்கு நடுவே வைத்து இரண்டு பக்கமும் வாட்டிவிடுங்கள். பத்து மணி இடைவேளையில் சாப்பிடுவதற்கென்றே கொடுங்கள், மதியம்வரை பையில் வைத்திருக்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லியனுப்புங்கள்.