செய்யாத குற்றத்துக்குப் பழி வந்தால்: கேள்வி பதில்

கேள்வி: திருட்டுப் பழி சுமத்தி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மடியில் கனமில்லை. நேரில் போய் நடந்ததைச் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. அழைப்பை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். போய், "வக்கீலை வைத்துக்கொண்டு பேசுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ஏழு மணிக்கு வீட்டில் இருந்ததாக நினைவிலிருந்து சொல்வீர்கள், கடை ரசீதில் 7.10 என்று இருக்கும். உங்களுக்கு அது மறதி, கோப்பில் அது பொய். 1989-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஒரு பெண் தாக்கப்பட்ட வழக்கில் ஐந்து சிறுவர்கள் தண்டிக்கப்பட்டதற்கு, மணிக்கணக்கான விசாரணையில் பெற்ற வாக்குமூலங்களே முக்கிய ஆதாரம். உண்மையான குற்றவாளி ஒப்புக்கொண்டு மரபணுவும் பொருந்தியபின், 2002-இல்தான் தீர்ப்பு ரத்தானது. சில நாடுகளில் மௌனத்தையே எதிராக எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால் எதைப் பேசுவது, எப்போது பேசுவது என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஆதாரத்தை எங்கிருந்து தொடங்கிச் சேர்ப்பது?

பதில்: சீக்கிரம் அழிவதிலிருந்து. சிசிடிவி பதிவு வட்டு நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். பல இடங்களில் இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும், சில கடைகளில் ஒரு வாரம்கூடத் தாங்காது. எந்த கேமரா, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறித்து, வக்கீல் வழியாக அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கேட்பது நல்லது, ஏனென்றால் கேமரா காட்சியைப் பதியும் கருவியான டிவிஆரின் கடிகாரம் பிசகியிருப்பது சகஜம். டிவிஆர் திரையையும் சரியான நேரம் காட்டும் கைபேசியையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். பத்து நிமிடப் பிசகு கவனிக்கப்படாமல் போனால், உங்களைக் காப்பாற்ற வேண்டிய காட்சியே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

புகைப்படங்களை மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். அன்றைய நாளை மணிவாரியாக, வக்கீலுக்கான குறிப்பாக எழுதுங்கள். நினைவில்லாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் வெற்றாகவே விடுங்கள்.

கேள்வி: சம்பந்தமில்லாத பழைய சாட்களை அழித்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அழித்தது தெரிந்தால் தடயத்தை மறைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: புகார் கொடுத்தவர் சொந்தக்காரர். பெரியவர்களை அனுப்பிப் பேசிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். நல்லெண்ணத்தோடு அனுப்பினாலும் சாட்சியை மிரட்டியதாகத் தனி வழக்கு வரலாம். உண்மையான குற்றச்சாட்டாக அதுவே நின்றுவிடும்.

கேள்வி: அலுவலகத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு பரவிவிட்டது. என்ன பதில் போடுவது?

பதில்: குழுவில் எதுவும் போடாதீர்கள், நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் நாளை நீதிமன்றத்துக்கு வரலாம். பரவும் செய்திகளை அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவதூறு வழக்குக்கு அதுதான் அடிப்படை, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. மேலதிகாரியிடம் இரண்டே வாக்கியம்: "குற்றச்சாட்டை மறுக்கிறேன். சட்டப்படி சந்திக்கிறேன்." நெருங்கியவர்களுக்கும் அவ்வளவே, விவரம் தெரிந்தவர்களைச் சாட்சியாக அழைக்கக்கூடும்.

கேள்வி: விடுதலையாகிவிட்டேன். பெயரைத் தேடினால் கைதுச் செய்திதான் முதலில் வருகிறது.

பதில்: தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, செய்தியின் இணைப்போடு ஆசிரியருக்கு அனுப்புங்கள். நீக்கச் சொல்வதைவிட, விடுதலையானதை அதே செய்தியின் மேலே சேர்க்கச் சொன்னால் இணங்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில், கூகுளுக்கு எதிரான வழக்கில் அதன் நீதிமன்றம் 2014-இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு தேடுபொறியிடமே இணைப்பை நீக்கக் கோரலாம். செய்தி மட்டும் அந்தத் தளத்திலேயே இருக்கும். வழக்கு விசாரணைக்கே போகாமல் கைவிடப்பட்டிருந்தால், அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1996 அட்லாண்டா குண்டுவெடிப்பில் சந்தேகிக்கப்பட்ட ரிச்சர்ட் ஜூவலுக்கு அப்படி ஒரு கடிதம் கிடைத்தது, ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து.